அது உமக்குச் சொன்னது

“வாறவை கையெழுத்து வைக்கத்தானே வருகினம், தங்கச்சி. அதுக்கு ஒரு பேனை காணும். படிச்ச பிள்ளை என்னத்துக்கு?”

நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம் ரஞ்சன் அண்ணை கேட்ட கேள்வி இது. எங்கள் ஸ்டூடியோவின் கமராக்காரர் அவர்தான், படத்தொகுப்பாளரும் அவர்தான். அவர் அதைப் பரிகாசமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை.

முப்பத்திரண்டு வயதில் ஒருத்தி தன்னை ஓய்வுபெற்றவள் என்று எழுதினால் சிரிப்பார்கள். ஆனால் ஒரு தொழிலை முழுதாகக் கற்று, முழுதாகச் செய்து, இனி அந்தப் பக்கம் திரும்புவதில்லை என்று முடிவெடுத்தவளுக்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. அந்தத் தொழிலில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் அண்மையில் எனக்கு எழுதியிருந்தார்கள். இப்போது எல்லாம் கைபேசியில் நடக்கிறதாம். நடிக்க வருகிறவர் ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுக்கொண்டு போனால் சம்மதம் பதிவாகிவிடுகிறதாம். “நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?” என்று கேட்டிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். அவர்களுக்காக மட்டும் அல்ல என்பது கடைசியில் தெரியும்.

என் வேலை இதுதான். ஃபெட்டிஷ் வீடியோக்களில் நடிக்க வருகிறவர்கள் எதற்கு ஒப்புக்கொள்கிறார்கள் என்பது அவர்களுக்கே தெளிவாகத் தெரிகிறதா என்று, படம் எடுக்கும் முன் உறுதிசெய்வது. இந்தச் சொல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சிலருக்கு ஆசை நாம் நினைக்கும் இடங்களில் விழிப்பதில்லை. ஒருவருக்குப் பெண்ணின் வெறும் பாதம், இன்னொருவருக்குத் தோல் கையுறை, வேறொருவருக்கு பலூன் வெடிக்கும் சத்தம். எங்கள் ஸ்டூடியோ அப்படிப்பட்டவர்களுக்காகப் படம் எடுத்தது. பெரும்பாலும் பாதங்கள்தான். நடிப்பவர் உடையைக் களைய வேண்டியதில்லை, யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை. அதனால்தான் ஆபத்து அதிகம். “சப்பாத்து விளம்பரம்” என்று சொல்லி ஒருவரை ஏமாற்றி இந்த வீடியோவை எடுத்துவிடலாம். அப்படி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் இதே நகரத்தில் இருந்தார்கள்.

என் அம்மா மன்னார்ப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அப்பா பள்ளிக்கூட வாசலே மிதிக்காதவர். இடம்பெயர்ந்து, முகாம்களில் இருந்து, கடைசியாக இந்தப் பிரெஞ்சு மொழி நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு நிலக்கீழ் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். எங்கள் இரண்டு குடும்பங்களிலும் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சின்ன வயதிலிருந்தே வீட்டுக்கு வந்த ஒவ்வொரு தாளையும் நான்தான் வாசித்தேன். ஆஸ்பத்திரித் தாள், வீட்டுக்காரர் அனுப்பிய தாள், அம்மா வேலை செய்த தையல் தொழிற்சாலைத் தாள். வாசித்து, அம்மாவுக்கு விளங்கும்வரை சொல்லி, பிறகுதான் கையெழுத்து எங்கே என்று விரலால் காட்டுவேன். நான் வாசிக்கப் பழகுவதற்கு முன் அவர் எதெதற்குக் கையெழுத்து வைத்தார் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

ஆகவே பட்டம் வாங்கி, வேலை தேடி அலைந்து, நான்கு மொழி தெரிந்த ஒருங்கிணைப்பாளர் தேவை என்ற விளம்பரத்தைக் கண்டு போனபோது, வேலையின் பாதி எனக்கு ஏற்கெனவே கைவந்திருந்தது. மற்றப் பாதியை ஜினெட் காட்டினார்.

ஜினெட் ஸ்டூடியோவின் சொந்தக்காரர். அறுபது வயதுக்கு நெருக்கம். கரகரத்த குரல், கட்டையாக வெட்டிய நரைமுடி. இருபதுகளில் நடிகையாக இருந்தவர். அந்தக் காலத்தில் அவரிடம் ஒன்றைச் சொல்லி வேறொன்றை எடுத்த படம் இன்னமும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒருமுறை சொன்னார். அதற்குமேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அவருடைய ஒவ்வொரு விதியும் அந்தப் படத்திலிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன்.

சம்மதம் கேட்கும் அறையில் மேசை கிடையாது. இரண்டு கதிரைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வருகிறவரின் குளிர்கோட்டை ஜினெட் வாங்கி உள்ளே கொண்டுபோய்த் தொங்கவிட மாட்டார். அது வந்தவரின் மடியிலேயோ கதிரை முதுகிலேயோ கிடக்க வேண்டும். பனிச்சப்பாத்துகளைக் கழற்றியதும் தானே குனிந்து, மூக்கு கதவைப் பார்க்கும்படி திருப்பி வைப்பார். “இந்த ஊரில் பெண்கள் எழுந்து போகாததற்குப் பாதிக் காரணம் கோட்டு எங்கே என்று தெரியாததுதான்” என்பார். அறையின் வெப்பத்தைக் கூட்டுவார். குளிரில் நடுங்குகிறவர் சீக்கிரம் முடியட்டும் என்று எதற்கும் தலையாட்டுவாராம்.

முதலில் வயதுக்கான அத்தாட்சி. அதில் சிறு சந்தேகம் இருந்தாலும் பேச்சு அந்த இடத்திலேயே முடிந்தது. பிறகு கமரா இல்லாமல் சும்மா கொஞ்சம் கதைப்போம். குளிர், மெட்ரோ, வந்த வழி. பிறகு ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் ஒரு வீடியோவை முழுதாகப் போட்டுக் காட்டுவோம். அதற்குக் கீழே வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளையும் வாசிக்கக் கொடுப்போம். இது ஜினெட்டின் கண்டுபிடிப்பு. “படம் எப்படி இருக்கும் என்று காட்டினால் போதாது. பார்க்கிறவன் எப்படி இருப்பான் என்று காட்டு.” கருத்துகளை வாசித்துவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர். அவர்களை மெட்ரோ வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவேன். ஒருவரிடமும் “ஏன் போகிறீர்கள்” என்று கேட்கக் கூடாது. போகாமல் இருப்பவரிடம் “ஏன் இதற்கு வந்தீர்கள்” என்றும் கேட்கக் கூடாது.

அதற்குப் பிறகுதான் கமரா ஓடும். இருப்பவர் எங்கள் சொற்களை வாங்காமல் தன் சொந்தச் சொற்களில் சொல்ல வேண்டும். என்ன எடுக்கப்போகிறோம், எதைச் செய்ய மாட்டார், இதை யார் பார்ப்பார்கள், பார்த்து என்ன செய்வார்கள். சொல்ல முடியாவிட்டால் படம் இல்லை. எடுத்த பிறகும் ஒரு வாரம் எதுவும் வெளியே போகாது. அதற்குள் தொலைபேசியில் ஒரு சொல் சொன்னால் போதும், அழித்துவிடுவோம். அந்தச் சம்மதப் பதிவு மட்டும் அழியாது. வீடியோ விற்பனையில் இருக்கும்வரை அதற்கான அத்தாட்சியும் இருந்தாக வேண்டும். பின்னாளில் யாராவது கேட்டால் காட்டுவதற்கு அது ஒன்றுதான் எங்களிடம் இருக்கும்.

எனக்கு அந்த அறை பிடித்திருந்தது. தங்கள் வாழ்நாளில் அதற்கு முன் யாரும் தங்களிடம் இவ்வளவு பொறுமையாக “உனக்கு விளங்கிவிட்டதா?” என்று கேட்டதில்லை என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவிடம் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அம்மா தைத்த தொழிற்சாலை இருந்ததும் இதே கட்டடத்தில்தான். அவர் மூன்றாம் மாடி, நான் ஐந்தாம் மாடி, அதே சரக்கு லிஃப்ட். வீட்டில் “படங்களுக்கு மொழிபெயர்க்கிறேன்” என்று சொல்லியிருந்தேன்.

ஜெசிந்தா அக்கா வந்தது ஒரு மாசி மாதத்தில். பெயரை மாற்றியிருக்கிறேன். நாற்பதைத் தாண்டியவர், எங்களைப் போலவே கத்தோலிக்கர், ஊர் யாழ்ப்பாணம், எங்கள் பகுதியிலேயே கார்டெரி எனப்படும் ஒரு குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையில் குழந்தைகளுக்குச் சமைப்பவர். என்னைக் கண்டதும் முகம் இருண்டது. தமிழ்ப் பிள்ளை ஒன்று இருக்குமென்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“நீர் ஆற்றை பிள்ளை?”

சொன்னேன்.

“ஐயோ, தேப்பனைக் கோயில்ல கண்டிருக்கிறன்.” கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு, “சரி. நீர் என்னைக் கண்டனீர், நானும் உம்மைக் கண்டிட்டன். ரெண்டு பேரும் ஒரே குழிக்குள்ளதான் நிக்கிறம்” என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

கருத்துகளைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அந்த வேலையில் மிகக் கடினமான அரைமணி நேரம் அதுதான். வீட்டிலும் கோயிலிலும் பள்ளியிலும் கற்ற தமிழில் அதற்கான சொற்கள் இல்லை. இருக்கிற சொற்கள் தெருவில் பெண்களைத் திட்டப் பயன்படுபவை. “அப்பிடியான ஆக்கள்”, “அந்த மாதிரி” என்று சுற்றிச் சுற்றிச் சொல்வதுதான் எங்களுக்குப் பழக்கம். இரண்டு பேரும் தலையாட்டிவிட்டு ஆளுக்கொன்றை விளங்கிக்கொண்டு போவோம். எங்கள் ஆட்களிடம் சம்மதம் கேட்பதில் இருக்கும் பெரிய பள்ளம் இதுதான். வெட்கத்தில் எதையும் முழுதாகச் சொல்வதில்லை, மரியாதையில் எதையும் திருப்பிக் கேட்பதில்லை. ஆகவே நான் சுற்றவில்லை. வாசித்ததை அப்படியே சொன்னேன். அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

கமராவைப் போடும் முன் எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன். “அக்கா, இந்தப் பதிவு அத்தாட்சிக்கு மட்டும். இது உங்களுக்கும் எங்களுக்கும் இடையில. ஒருத்தருக்கும் போகாது.”

பிறகு கமரா ஓடியது.

“இதைப் பாக்கிறவை என்ன செய்வினம் எண்டு உங்கட வாயால சொல்லுங்கோ, அக்கா.”

“உமக்குத் தெரியும்தானே, பிள்ளை.”

“எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமோ எண்டு கேக்கிறன்.”

“இப்ப இது ஓடுதோ?”

“ஓடுதக்கா.”

“கோதாரி!” இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். விரல்களுக்கு இடையால் என்னைப் பார்த்தார். திரும்பவும் பொத்தினார். நான் காத்திருந்தேன். காத்திருக்க வேண்டும் என்பது ஜினெட்டின் கட்டளை. கடைசியில் கைகளை எடுத்து, நேராகக் கமராவைப் பார்த்துச் சொன்னார்: “என்ர காலைப் பாத்துத் தனிய இருந்து தங்கட ஆசையைத் தீப்பினம். காணுமோ? மாதாவே, பாவசங்கீர்த்தனத்திலகூட நான் ஒண்டையும் இப்பிடி உடைச்சுச் சொன்னதில்லை.”

“காணும் அக்கா. என்னத்தைச் செய்ய மாட்டியள்?”

“முகம் வேண்டாம். குரல் வேண்டாம். சாப்பாட்டில மிதிக்க மாட்டன். புத்தகத்திலயும் மிதிக்க மாட்டன்.”

அன்றைக்கு வாடிக்கையாளர் ஒருவர் கேட்டிருந்தது பழைய புத்தகங்களை மிதிப்பதைத்தான். “நாங்க வேதக்காரர்தானே அக்கா, எங்களுக்கு என்ன சரஸ்வதி?” என்று கேட்டேன்.

“வேதக்காரி எண்டாப்போல புத்தகத்தை மிதிக்கலாமோ? நீர் படிச்ச பிள்ளை, இதை நான் உமக்குச் சொல்லோணுமே?”

ஜினெட்டின் வரையறைப் பட்டியலில் உடம்பின் ஒவ்வொரு பாகமும் இருந்தது. புத்தகம் இல்லை. அவர் கேட்டுவிட்டு ஒரு கேள்வியும் இல்லாமல் வாடிக்கையாளருக்கு “புத்தகம் கிடையாது” என்று எழுதினார். பதிலுக்கு அட்டைப்பெட்டிகள் என்றானது. அக்கா பெட்டிகளைச் சுற்றி வந்து பார்த்தார். “இதில எழுத்து இருக்கே.” ரஞ்சன் அண்ணை நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, ஒவ்வொரு பெட்டியின் எழுத்துகளுக்கு மேலும் மண்ணிற ஒட்டுநாடா ஒட்டினார். “யூனிவர்சிட்டிக்குப் போகாத எனக்கும் இண்டைக்கு ஒரு படிப்பு” என்று முணுமுணுத்தார். அக்காவின் வெறும் கால்கள் அந்த எழுத்தில்லாத பெட்டிகளை ஒவ்வொன்றாக நசுக்கின. அவ்வளவுதான் வீடியோ.

நான் வாங்கிய சம்மதங்களில் அதுதான் மிகச் சிறந்தது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். தனக்கு என்ன நடக்கிறது என்று முழுதாகத் தெரிந்த ஒரு பெண், தன் எல்லைகளைத் தானே கீறி, தன் வாயால் சொன்னார். போகும்போது, “கோயில்ல கண்டா நான் உமக்குத் தலையாட்டுவன், பேந்து நீர் என்னோட கதைக்க வராதையும்” என்றார். அப்படியே இருந்தோம். நான்கு வருடம் தமிழ்ப் பூசையில் ஒரு தலையாட்டல்.

ஜினெட்டின் முழங்கால்கள் போய்விட்டன. ஸ்டூடியோவை விற்றுவிட்டு வடக்கே ஏரிக்கரையில் ஒரு சிறு வீட்டுக்குப் போனார். வாங்கிய ஆளின் அலுவலகம் மேற்குப் புறநகரான புவாண்ட்-கிளேரில் இருந்தது. நல்ல மரியாதையான இளைஞன். கதிரைகளைப் பார்த்தான், பனிச்சப்பாத்துகளை ஏன் திருப்பி வைக்கிறோம் என்று கேட்டான், கேட்டுவிட்டுப் புன்னகைத்தான். இரண்டு மாதத்தில் அந்த அறையில் பொருள்கள் அடுக்கத் தொடங்கினார்கள். எனக்கு வேறு வேலை தருவதாகச் சொன்னார்கள். நான் கதவுத் திறப்புகளை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அதுதான் என் ஓய்வு.

போன குளிர்காலம் ரஞ்சன் அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டார்.

“ஜெனி, எங்க நிக்கிறீர்?”

“வீட்டிலதான் அண்ணை.”

“பக்கத்தில அம்மா நிக்கிறாவோ?”

“இல்லை.”

“ஒண்டு அனுப்பிறன், பாரும். சத்தத்தைக் குறைச்சுப் போட்டுப் பாரும். அதில உம்மட குரல் கேக்குது.”

அவர் இன்னமும் அங்கே பகுதிநேரம் வேலை செய்கிறார். புதிய முதலாளி பழைய பதிவுகளைத் தானே உட்கார்ந்து பார்த்திருக்கிறான். கால்களை விட, கமராவைப் பார்த்துத் தடுமாறும் முகங்கள் நன்றாக விலைபோகும் என்று கண்டுபிடித்திருக்கிறான். நடிக்காத வெட்கம். அதற்கும் ஆசைப்படுகிறவர்கள் உண்டு, எல்லாவற்றுக்கும் உண்டு. சம்மதப் பதிவுகளைத் தனித் தொடராக வெளியிடத் தொடங்கிவிட்டான்.

திரையில் ஜெசிந்தா அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கீழே ஆங்கிலத்தில் வசனம் ஓடியது. படத்துக்கு வெளியே இருந்து ஒரு பெண் குரல், பொறுமையாக, அன்பாக, “உங்கட வாயால சொல்லுங்கோ, அக்கா” என்றது. அவர் தவிக்கத் தவிக்க அந்தக் குரல் காத்திருந்தது. நாங்கள் அவரைக் காப்பதற்காக உண்டாக்கிய முறை அது. அது முழுவதும் அங்கே ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது, நான் அவரைச் சீண்டி விளையாடுவது மாதிரி. கீழே கருத்துகள். அவற்றை வாசிப்பது என் தொழிலாக இருந்தது. அன்றைக்கு என்னால் இரண்டுக்கு மேல் வாசிக்க முடியவில்லை. இரண்டாவது கருத்து என் குரலைப் பற்றியது.

முகத்தைக் காட்ட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்ததற்கு முகத்தைக் காட்டி அத்தாட்சி எடுத்தோம். சம்மதம் கேட்பதைப் படம்பிடிக்கச் சம்மதமா என்று கேட்க எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் கார்டெரியின் பின்கதவில் போய் நின்றேன். உள்ளே அவித்த கரட்டின் மணம். சுவரோரம் குழந்தைகளின் குட்டிப் பனிச்சப்பாத்துகள் நீளமாக, வரிசையாக இருந்தன. அக்கா ஏப்ரனோடு வெளியே வந்தார். என்னைக் கண்டதுமே தெரிந்துகொண்டார். நாங்கள் கதைப்பதில்லை என்பதுதானே ஒப்பந்தம்.

“என்ன, அந்தக் கால் வீடியோவை ஆரும் கண்டுபிடிச்சிட்டினமோ?”

“அது இல்லை அக்கா. நாங்க கதைச்சது. அண்டைக்குக் கமராவில நீங்க சொன்னது. அதைப் போட்டிருக்கிறாங்கள்.”

“முகமோ?”

“ஓமக்கா.”

“குரலும்?”

“ஓம்.”

அவர் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே ஒரு குழந்தை பிரெஞ்சில் எதற்கோ அழுதுகொண்டிருந்தது.

“கால் படத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை, பிள்ளை. அது நான் விட்டது. ஆர் வேணுமெண்டாலும் பாக்கட்டும்.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “இது நான் விட்டதில்லை. இது உமக்குச் சொன்னது.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அந்த இணைப்பு எங்கள் ஆட்களிடையே எப்படி வந்தது என்று தெரியாது. எவனோ தனியே இருந்து பார்த்தவன்தான் முதலில் அனுப்பியிருக்க வேண்டும். அவனிடம் நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. உயிர்ப்புத் திருநாளுக்கு முன்னமே அக்கா பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டார். கார்டெரியில் ஒருவரும் ஒன்றும் சொல்வதற்கு முன் தானே வேலையை விட்டார். “குழந்தைகளின்ர தாய்மார் முகத்தைப் பாக்க ஏலாது” என்றார். இப்போது வெளியே போனால் கழுத்துச் சால்வையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொள்கிறார். குளிர்காலத்தில் அது ஒருவருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. வெயில் வந்த பிறகும் அப்படித்தான் போனார்.

அக்காவும் நானும் புதிய முதலாளியின் நிறுவனத்துக்கு எழுதினோம். ஸ்டூடியோவுக்குள் பதிவான எல்லாவற்றையும் நிறுவனம் பயன்படுத்தலாம் என்று அவர் கையெழுத்து வைத்த தாளிலேயே ஒரு வரி இருக்கிறது என்று பதில் வந்தது. இருந்தது. வீடியோவை நினைத்து எழுதிய வரி. வேறொன்றுக்கும் அது பொருந்தும் என்று அதை எழுதியவருக்கே தெரியாது.

ஜினெட்டைத் தொலைபேசியில் பிடித்தேன். முழுக்கக் கேட்டார். “என் முறையில் பிழையில்லை” என்றார். “என்னுடைய படமும் இப்படித்தான்” என்று ஏதோ தொடங்கி நிறுத்தினார். கடைசியாக, “பதிவு வெளியே போகாது என்று நீ சொன்னது கமராவில் இருக்கிறதா?” என்று கேட்டார்.

இல்லை. கமராவைப் போடும் முன்தான் அதைச் சொல்வேன். முதலில் ஆளை இளக்கு, பிறகு கமரா என்பது அவர் சொல்லித் தந்த ஒழுங்கு. அந்த வாக்கு உலகத்தில் இரண்டு பேரின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது.

சட்ட உதவி நிலையத்தில் ஒரு வழக்கறிஞர் பொறுமையாகக் கேட்டார். அந்த வாக்குதான் எல்லாம் என்றார். அதைக் கொடுத்தவர் தன் பெயர், தன் வேலை, அந்த அறையில் நடந்தது எல்லாவற்றையும் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். மற்றத் தரப்புக்கு அது போகும். நீதிமன்றம் போனால் யாரும் வாசிக்கலாம். அது இல்லாமல் வீடியோவை இறக்கச் சொல்ல எங்களுக்குப் பிடிமானம் குறைவு. அதோடும் நிச்சயம் என்று சொல்ல முடியாது.

இன்னொரு சாட்சி இருந்தால் நல்லது என்றார். ரஞ்சன் அண்ணையை ஆற்றுக்கு அப்பால் புரோசார்ட்டில் ஒரு கோப்பிக் கடையில் சந்தித்தேன். அந்த நேரம் அவர் லைற் பூட்டிக்கொண்டு அறைக்குள்தான் நின்றவர். கேட்டிருப்பார்.

“கேட்டனான்தான்” என்றார். கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். “தங்கச்சி, எனக்கு ரெண்டு பெட்டைகள். இஞ்ச எல்லாரும் என்னைக் கலியாண வீடியோக்காரன் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கினம். என்ர மனுசியும் அப்பிடித்தான். என்னால ஏலாது.”

“எனக்கு ஏலுமே அண்ணை?”

“நீர் படிச்சனீர்.” அதை இந்த முறையும் அவர் பரிகாசமாகச் சொல்லவில்லை.

அம்மாவுக்கு வேறு யாரும் சொல்வதற்கு முன் நான் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தேன். சுற்றிச் சொல்லவில்லை. அக்காவுக்குச் சொன்னது போல், உள்ளதை உள்ளபடி.

“நீ படங்களுக்கு மொழிபெயர்க்கிறாய் எண்டெல்லோ சொன்னனீ.”

“அதுவும் செய்தனான், அம்மா.”

“எங்க, எந்தக் கட்டிடத்தில?”

சொன்னேன்.

அம்மா நெடுநேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி ஏறிய விரல்கள் அவை. “நான் அதுக்குள்ள கிடந்து தைச்சது நீ அதுக்குள்ள போகாமல் இருக்கத்தான்” என்றார். பிறகு, “அந்த மனுசி சமைக்கிற மனுசி எல்லே? தேவநற்கருணை வாங்க எனக்கு முன்னால நிக்கும்” என்றார். நான் ஓம் என்றேன். எழுந்து அறைக்குள் போனார். அதன்பிறகு என் தட்டில் சோறு போட்டு மூடி வைக்கிறார். கதைப்பதில்லை.

எனக்கு எழுதிய இரண்டு பெண்களுக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கைபேசியில் பெட்டிகளைத் தொடுவது சம்மதம் அல்ல. அதைவிட எங்கள் முறை நூறு பங்கு மேல், அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் ஒருவரிடம் உண்மையைக் கேட்கும்போது, நீங்கள் ஒரு புதிய பொருளை உண்டாக்குகிறீர்கள். முன்பு உலகத்தில் இல்லாத ஒன்று உங்கள் கையில் இருக்கும். அதை யாரிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள் என்று பாருங்கள். வாக்குக் கொடுப்பதானால் கமரா ஓடும்போது கொடுங்கள். பதில் சொல்பவரின் முதுகை எடுங்கள், முகத்தை எடுக்காதீர்கள். நல்ல முதலாளியை நம்பி ஒரு முறையை அமைக்காதீர்கள். நல்ல முதலாளிக்கும் முழங்கால் வலிக்கும்.

இவ்வளவையும் எழுதி முடித்தபோது வீடியோ அங்கேயேதான் இருந்தது. இன்று காலையும் பார்த்தேன், இருக்கிறது.

நேற்று வழக்கறிஞரின் அலுவலகத்துக்குப் போனேன். சத்தியம் வாங்குவதற்கு ஒரு வயதான அலுவலர் வந்திருந்தார். தட்டச்சுச் செய்த பக்கங்களை என் முன்னால் தள்ளினார். “வாசித்தீர்களா? விளங்கியதா?” என்று பிரெஞ்சில் கேட்டார். ஆம் என்று ஒரு சொல் சொன்னால் அவருக்குப் போதும். பேனையை ஏற்கெனவே நீட்டிவிட்டார்.

நான் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, என் சொந்தச் சொற்களில் சொன்னேன். இதில் என் முழுப் பெயர் இருக்கிறது. நான் என்ன வேலை செய்தேன் என்பது இருக்கிறது. அந்த நிறுவனத்தின் வழக்கறிஞர் இதை வாசிப்பார், பிறகு எங்கள் கோயிலில் யாராவது வாசிப்பார்கள். என் அம்மாவுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இதற்குப் பிறகு நான் மனம் மாறினாலும் இதைத் திரும்ப எடுக்க முடியாது. இவ்வளவும் நடந்தும் அந்த வீடியோ இறங்காமல் இருக்கலாம்.

அலுவலர் பேனையைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். வாசலில் கோட்டு மாட்டும் கொளுக்கி இருந்தது. நான் மாட்டியிருக்கவில்லை. கோட்டு என் மடியில் இருந்தது, கதவு நாலெட்டுத் தூரத்தில்.

பேனையை வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைத்தேன்.